ஆபீஸ் சர்வரை கிளவுடுக்கு மாத்தணுமா? 2023 திருச்செந்தூர் மழை சொல்லித்தரும் பிளான்

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அன்று தொடங்கிய மழை மறுநாள் காலை 8.30 மணிக்குள், அதாவது 24 மணி நேரத்தில், காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. கொட்டித் தீர்த்தது. தாமிரபரணி கரை புரண்டது. திருச்செந்தூரில் இருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், சுமார் 800 பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கி நின்றது. தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்களில் பல இடங்களில் நாள்கணக்கில் மின்சாரமும் செல்போன் சிக்னலும் இல்லை.

வீடும் வயலும் உப்பளமும் போன சோகத்துக்கு நடுவே, அதிகம் பேசப்படாத ஒரு இழப்பும் இதுபோன்ற எந்த வெள்ளத்திலும் உண்டு. தரைத்தளத்தில், மேஜைக்கு அடியிலோ படிக்கட்டுக்குக் கீழேயோ இருக்கும் ஆபீஸ் சர்வர். பத்து வருஷக் கணக்கு, கஸ்டமர் பட்டியல், பில், சம்பள விவரம் எல்லாம் அந்த ஒரு பெட்டிக்குள்தான். பேக்கப் எடுத்த ஹார்ட் டிஸ்க்? அதே மேஜையின் டிராயருக்குள்.

"பேசாம எல்லாத்தையும் கிளவுடுக்கு மாத்திடலாம்" என்ற பேச்சு இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. ஆனால், மாற்றுவது ஒரு பட்டனைத் தட்டும் வேலை இல்லை. சரியாகத் திட்டமிடாமல் மாறினால் மாதாமாதம் பில் ஏறும், வேலை நிற்கும், சில நேரம் டேட்டாவே போகும். அந்தத் திட்டம் எப்படி இருக்க வேண்டும்?

கிளவுட் எங்கே இருக்கிறது?

மேகத்தில் இல்லை; இன்னொருவருடைய கட்டடத்தில் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் 2015-ல் சென்னை, மும்பை, புனே ஆகிய இடங்களில் தன் டேட்டா சென்டர்களைத் திறந்தது. அமேசான் வெப் சர்வீசஸ் 2016-ல் மும்பையிலும் 2022-ல் ஹைதராபாத்திலும் தொடங்கியது. கூகுள் 2017-ல் மும்பைக்கும் 2021-ல் டெல்லிக்கும் வந்தது. உங்கள் ஆபீஸில் ஒரு சர்வர் செய்யும் வேலையை அங்கே இருக்கும் ஆயிரக்கணக்கான சர்வர்களில் ஒரு துண்டு செய்யும். நீங்கள் வாடகை கொடுக்கிறீர்கள், அவ்வளவுதான்.

சொந்தமாக டேட்டா சென்டர் நடத்தும் ஜோஹோ போன்ற நிறுவனங்கள், ரெடிமேட் சாஃப்ட்வேரையே மாதச் சந்தாவுக்குத் தருகின்றன. பழைய நெல்லை மாவட்டத்தில் இருந்து 2019-ல் பிரிந்த தென்காசியின் மத்தளம்பாறையில் ஜோஹோவுக்கு அலுவலகம் உண்டு. ஆக, கிளவுட் என்பது இந்த வட்டாரத்துக்குத் தெரியாத சமாச்சாரம் இல்லை.

ஒரு கம்பெனியை வைத்துப் பார்ப்போம்

திருச்செந்தூரில் கோயில் பக்கத்தில் நாலு லாட்ஜ், பத்து டூரிஸ்ட் வேன், தூத்துக்குடியிலும் நெல்லையிலும் ஒரு கிளை ஆபீஸ், மொத்தம் 60 பேர் என்று ஒரு நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம். ரூம் புக்கிங் சாஃப்ட்வேர், டேலி, சம்பள சாஃப்ட்வேர், சிசிடிவி பதிவுகள், கஸ்டமர்களின் அடையாள அட்டை நகல்கள் எல்லாம் ஒரே சர்வரில்.

இவர்களுக்கு வருஷம் முழுக்க ஒரே கூட்டம் கிடையாது. கந்த சஷ்டிக்கும் வைகாசி விசாகத்துக்கும் தைப்பூசத்துக்கும் ஊர் தாங்காது. 2025 ஜூலை 7 கும்பாபிஷேகத்துக்கு லட்சக்கணக்கில் பக்தர்கள் வந்தார்கள். மற்ற நாள்களில் நிதானம். சொந்த சர்வர் வாங்கினால் சஷ்டிக் கூட்டத்துக்கு ஏற்ற அளவில் வாங்க வேண்டும். மற்ற 350 நாள்களுக்கு அது சும்மா ஓடும். கிளவுடில் அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் கூட்டி, பிறகு குறைத்துக்கொள்ளலாம். மாறுவதற்கு இது நியாயமான காரணம்.

"பக்கத்து கம்பெனிக்காரங்க மாறிட்டாங்க, நாமளும் மாறணும்" என்பது காரணம் இல்லை. எதற்காக மாறுகிறோம் என்பதை ஒரே வரியில் எழுத முடிகிறதா? அதுதான் முதல் படி. வெள்ளத்திலிருந்து பாதுகாப்பா, செலவா, கிளைகள் எல்லாம் ஒரே கணக்கைப் பார்க்க வேண்டுமா, பழைய சர்வரின் ஆயுள் முடிந்துவிட்டதா? மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் சர்வர் 2012-க்கான வழக்கமான ஆதரவு 2023 அக்டோபர் 10-ம் தேதியே முடிந்துவிட்டது. அதில் ஓடும் ஆபீஸ்களுக்கு மாறுவதா வேண்டாமா என்பதைவிட, எப்போது, எதற்கு மாறுவது என்பதுதான் கேள்வி.

சாமான் லிஸ்ட் போடுங்கள்

வீடு மாறும்போது முதலில் என்ன செய்வோம்? என்னென்ன இருக்கு என்று ஒரு லிஸ்ட். இங்கேயும் அதேதான். எத்தனை சாஃப்ட்வேர், யார் பயன்படுத்துகிறார்கள், எவ்வளவு டேட்டா, எந்த லைசென்ஸ், எது எதை நம்பி ஓடுகிறது?

இந்தக் கடைசிக் கேள்வியில்தான் பல திட்டங்கள் தடுக்கி விழுகின்றன. புக்கிங் சாஃப்ட்வேர் டேலிக்குத் தகவல் அனுப்பும். டேலி ஒரு பிரின்டரைத் தேடும். பில் போடும் கம்ப்யூட்டர் சர்வரின் ஐபி முகவரியையே நேரடியாக எழுதி வைத்திருக்கும். அதை யார் எழுதினார்கள் என்று கேட்டால், "அந்தத் தம்பி வேலையை விட்டுப் போயி மூணு வருஷமாச்சே" என்பார்கள். இந்தப் பட்டியலுக்கு இரண்டு வாரம் ஆனாலும் பரவாயில்லை. ஒரு மாதக் கடைசி, ஒரு ஜி.எஸ்.டி. தாக்கல் நாள் இரண்டையும் கடந்து பார்த்தால்தான் எப்போதாவது ஓடும் சாஃப்ட்வேர்கள் கண்ணில் படும்.

பிறகு ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேள்விகள். ஒன்று: இது எவ்வளவு நேரம் நின்றால் தாங்கும்? இரண்டு: கடைசி எத்தனை மணி நேர டேட்டா போனால் தாங்கும்? ரூம் புக்கிங் பத்து நிமிஷம் நின்றாலே ரிசப்ஷனில் சண்டை வரும். சம்பள சாஃப்ட்வேர் மாதத்தின் 10-ம் தேதி ஒரு நாள் நின்றால் யாருக்கும் தெரியாது. இந்தப் பதில்கள்தான் எதற்கு எவ்வளவு செலவு செய்வது என்பதை முடிவு செய்யும்.

எதை எப்படி மாற்றுவது? ஆறு வழிகள்

ஐ.டி. உலகில் இதை '6 ஆர்' என்பார்கள். ஆறு பெயர்களும் ஆங்கிலத்தில் ஆர் என்ற எழுத்தில் தொடங்குவதால் அந்தப் பெயர்.

ரீஹோஸ்ட்: இருப்பதை அப்படியே தூக்கி கிளவுடில் வைப்பது. வேகமான வழி, ஆனால் பழைய குறைகளும் கூடவே வரும்.

ரீபிளாட்ஃபார்ம்: சாஃப்ட்வேரை மாற்றாமல், அடியில் இருக்கும் டேட்டாபேஸை மட்டும் கிளவுட் நிறுவனமே பராமரிக்கும் சேவைக்கு மாற்றுவது.

ரீபர்ச்சேஸ்: பழையதை விட்டுவிட்டு, மாதச் சந்தா சாஃப்ட்வேருக்குப் போவது. சொந்த மெயில் சர்வர், சம்பள சாஃப்ட்வேர் போன்றவற்றுக்கு இது பெரும்பாலும் பொருந்தும்.

ரீஃபேக்டர்: சாஃப்ட்வேரையே கிளவுடுக்கு ஏற்ற மாதிரி திரும்ப எழுதுவது. காசும் காலமும் அதிகம்.

ரிட்டயர்: யாரும் பயன்படுத்தாததை நிறுத்திவிடுவது. பழைய வீட்டுப் பரணில் கிடக்கும் உடைந்த மிக்சியைப் புது வீட்டுக்குக் கொண்டுபோவோமா?

ரிடெய்ன்: இப்போதைக்கு இங்கேயே இருக்கட்டும் என்று விடுவது. சிசிடிவி பதிவுகள் இதற்கு நல்ல உதாரணம். இரவு பகலாகச் சேரும் வீடியோவை முழுக்க கிளவுடுக்கு அனுப்பினால் லைனும் திணறும், பில்லும் ஏறும்.

நம் லாட்ஜ் கம்பெனிக்கு இந்த ஆறில் குறைந்தது நாலு தேவைப்படும். எல்லாவற்றுக்கும் ஒரே வழி என்று வரும் கொட்டேஷனைச் சந்தேகத்தோடு பாருங்கள்.

லைன் தாங்குமா?

இரண்டு டெராபைட் டேட்டா இருக்கிறது, அப்லோட் வேகம் 50 எம்.பி.பி.எஸ். என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நொடிகூட நிற்காமல், முழு வேகத்தில் போனாலே சுமார் 89 மணி நேரம், அதாவது கிட்டத்தட்ட நாலு நாள் ஆகும். அந்த நாலு நாளும் ஆபீஸில் வேறு யாரும் நெட்டைத் தொடக் கூடாது. அதனால் பழைய டேட்டாவை முன்கூட்டியே இரவு நேரங்களில் அனுப்பி, கடைசி நாளில் புதிதாகச் சேர்ந்ததை மட்டும் அனுப்புவதுதான் வழக்கம்.

அடுத்தது தாமதம். ஒரு பழைய சாஃப்ட்வேர், ஒரு திரையைக் காட்ட டேட்டாபேஸிடம் 500 தடவை கேள்வி கேட்கிறது என்று வைப்போம். ஆபீஸுக்குள்ளேயே இருந்தால் ஒரு கேள்விக்கு ஒரு மில்லி நொடி. மொத்தம் அரை நொடி. டேட்டாபேஸ் மட்டும் கிளவுடுக்குப் போய், ஒரு கேள்விக்கு 20 மில்லி நொடி ஆனால் மொத்தம் 10 நொடி. "கிளவுடுக்கு மாறினதுல இருந்து ஸ்லோவாயிடுச்சு" என்ற புகார் பல நேரம் இங்கிருந்துதான் கிளம்புகிறது. சாஃப்ட்வேரும் டேட்டாபேஸும் ஒன்றாகவே போக வேண்டும், அல்லது ஒன்றாகவே இருக்க வேண்டும்.

2023 டிசம்பர் சொல்லும் இன்னொரு பாடமும் உண்டு. வெள்ளத்தில் கிளவுடில் இருக்கும் டேட்டா பத்திரமாக இருக்கும். ஆனால் உங்கள் ஆபீஸில் கரன்ட்டும் நெட்டும் இருக்காது. அதனால் இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் இணைப்பு, நெட் இல்லாதபோதும் பில் போட்டுப் பிறகு சேர்த்துக்கொள்ளும் வசதி, நெல்லை ஆபீஸில் இருந்தோ மதுரையில் ஒரு ஊழியரின் வீட்டில் இருந்தோ வேலையைத் தொடரும் ஏற்பாடு, இவை மூன்றும் திட்டத்தில் இருக்க வேண்டும். சர்வரை மட்டும் மாற்றிவிட்டு ஆட்களின் வேலைமுறையை மாற்றாவிட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

உண்மையில் செலவு குறையுமா?

குறையலாம், கூடவும் செய்யலாம். சொந்த சர்வரின் கணக்கில் பெட்டியின் விலை மட்டும் இல்லை. ஏ.சி., யுபிஎஸ் பேட்டரி, கரன்ட் பில், ஏஎம்சி, சர்வரைப் பார்த்துக்கொள்ளும் ஆளின் நேரம் எல்லாம் சேரும். இதையெல்லாம் கூட்டாமல் கிளவுட் பில்லோடு ஒப்பிட்டால் தவறான விடைதான் வரும்.

கிளவுட் பக்கத்திலும் மறைந்திருக்கும் செலவுகள் உண்டு. டேட்டாவை உள்ளே அனுப்ப பெரிய நிறுவனங்கள் பொதுவாகக் காசு வாங்குவதில்லை. அளவுக்கு மேல் வெளியே எடுத்தால் வாங்கும். வேலை முடிந்தும் அணைக்காத சர்வருக்கும் மீட்டர் ஓடும். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒரு டெஸ்ட் சர்வர் தினம் 9 மணி நேரம், வாரம் ஆறு நாள் மட்டும் தேவை என்றால் 54 மணி நேரம்தான். அணைக்காமல் விட்டால் மூன்றில் இரண்டு பங்கு காசு வீண்.

கிளவுடை விட்டுத் திரும்பி வந்தவர்களும் இருக்கிறார்கள். பேஸ்கேம்ப் சாஃப்ட்வேரை உருவாக்கிய அமெரிக்காவின் 37சிக்னல்ஸ் நிறுவனம், 2022-ல் மட்டும் கிளவுடுக்கு 32 லட்சம் டாலர் செலவானதைக் கணக்குப் பார்த்து, சொந்த சர்வர் வாங்கிக்கொண்டு வெளியேறியது. அவர்களின் வேலைச்சுமை ஏறி இறங்காமல் சீராக இருந்தது. சர்வரைக் கவனிக்கத் திறமையான ஆட்களும் இருந்தார்கள். உங்கள் நிறுவனம் அந்த மாதிரியா, சஷ்டிக்கு ஏறி இறங்கும் மாதிரியா என்பதைப் பார்க்காமல் அடுத்தவர் கணக்கைக் காப்பி அடிக்க முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

கம்பெனிகள் சட்டத்தின் கணக்கு விதிகளில் 2022-ல் வந்த திருத்தப்படி, மின்னணு முறையில் வைக்கும் கணக்குப் புத்தகங்களை இந்தியாவில் எப்போதும் பார்க்க முடிய வேண்டும். வெளிநாட்டில் வைத்திருந்தாலும், அவற்றின் பேக்கப் இந்தியாவில் இருக்கும் சர்வரில் தினமும் எடுக்கப்பட வேண்டும். கிளவுடில் கணக்கு வைத்திருந்தால் சேவை தரும் நிறுவனத்தின் பெயர், இடம் போன்ற விவரங்களை ஆண்டுதோறும் கம்பெனிப் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். எனவே கணக்கு தொடங்கும்போதே எந்த ஊர் டேட்டா சென்டர் என்பதைத் தேர்வு செய்யுங்கள். தானாக வரும் இடம் அமெரிக்காவாகவும் இருக்கலாம்.

சைபர் தாக்குதல் நடந்தால், தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் புகார் செய்ய வேண்டும் என்பதும், பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பதும் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28-ல் வெளியிட்ட உத்தரவு. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக அமலுக்கு வருகின்றன. போதிய பாதுகாப்பு இல்லாமல் தரவு கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அந்தச் சட்டத்தில் இடம் உண்டு. ஆயிரக்கணக்கான பக்தர்களின் அடையாள அட்டை நகலை வைத்திருக்கும் லாட்ஜுக்கு இது விளையாட்டு விஷயம் இல்லை. கிளவுடுக்கு அள்ளிக்கொண்டு போவதற்கு முன்பே, தேவையில்லாத நகல்களை அழிக்க ஒரு முறை வகுப்பது நல்லது.

பூட்டு யார் பொறுப்பு?

அப்பார்ட்மென்ட் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். மெயின் கேட்டுக்கு செக்யூரிட்டி உண்டு. உங்கள் வீட்டுக் கதவைப் பூட்டுவது உங்கள் வேலை. கட்டடம், மின்சாரம், மெஷின் எல்லாம் கிளவுட் நிறுவனத்தின் பொறுப்பு. பாஸ்வேர்டு, யாருக்கு என்ன அனுமதி, பேக்கப் எல்லாம் உங்கள் பொறுப்பு.

2014 ஜூனில் கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனத்துக்கு நடந்தது இதற்குப் பாடம். அதன் அமேசான் கிளவுட் கணக்குக்குள் நுழைந்த ஒருவர் பணம் கேட்டு மிரட்டினார்; பிறகு டேட்டாவையும் பேக்கப்பையும் சேர்த்தே அழித்தார். எல்லாம் ஒரே கணக்கில் இருந்ததால் மீட்க வழியில்லை. நிறுவனம் மூடப்பட்டது.

அரசாங்கங்களும் தப்பவில்லை. 2025 செப்டம்பர் 26-ல் தென் கொரியாவின் டேஜோன் நகரில் அரசு டேட்டா சென்டரில் பேட்டரி தீப்பிடித்து, 600-க்கும் மேற்பட்ட அரசு சேவைகள் நின்றன. அரசு ஊழியர்கள் கோப்புகளை வைத்திருந்த 858 டெராபைட் சேமிப்பகம் முழுவதும் சாம்பலானது. அதற்கு வெளியே பேக்கப் இல்லை.

இதனால்தான் 3-2-1 என்ற விதி. மூன்று பிரதிகள், இரண்டு வெவ்வேறு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு ஊரில். கிளவுடுக்குப் போனாலும் இந்த விதி மாறாது. ஒரு பிரதி வேறு கணக்கில், வேறு பாஸ்வேர்டில் இருக்கட்டும். மாதம் ஒருமுறை பேக்கப்பைத் திறந்து, டேட்டா திரும்ப வருகிறதா என்றும் பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்ப முடியாது.

பால் காய்ச்சும் நாள்

பழையதை நிறுத்திப் புதியதைத் தொடங்கும் நாள்தான் மொத்தத் திட்டத்திலும் ஆபத்தான நாள். ஆடியில் வீடு மாறாத மாதிரி, இதற்கும் தவிர்க்க வேண்டிய நாள்கள் உண்டு. ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடும் 11, 20 தேதிகளை ஒட்டி வேண்டாம். மார்ச் கடைசி வேண்டவே வேண்டாம். திருச்செந்தூர் லாட்ஜுக்கு ஐப்பசியில் சஷ்டி நேரமும் வேண்டாம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் என்ன ஆகும்? பிரிட்டனின் டி.எஸ்.பி. வங்கி 2018 ஏப்ரலில் ஒரே வார இறுதியில், சுமார் 50 லட்சம் வாடிக்கையாளர்களின் கணக்குகளைப் புதிய கணினி அமைப்புக்கு மாற்றியது. டேட்டா சரியாகவே போய்ச் சேர்ந்தது. ஆனால், புதிய அமைப்பு தயாராக இல்லை. 19 லட்சம் பேரால் தங்கள் கணக்குக்குள் நுழைய முடியவில்லை. நிலைமை முழுமையாகச் சீராக அந்த ஆண்டு டிசம்பர் ஆனது. தலைமை அதிகாரி செப்டம்பரிலேயே பதவி விலகினார். 2022 டிசம்பரில் 4.86 கோடி பவுண்டுக்கு மேல் அபராதமும் வந்தது. அங்கே சோதனை போதவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக மாற்றும் வழியையும் விட்டுவிட்டார்கள்.

இதற்கு நேர் எதிர், நெட்ஃபிளிக்ஸ். 2008-ல் அதன் டேட்டாபேஸ் பழுதாகி மூன்று நாள் டிவிடி அனுப்ப முடியாமல் போனது. அப்போது கிளவுடுக்கு மாற முடிவு செய்த அந்த நிறுவனம், 2016 ஜனவரியில்தான் முழுதாக மாறி முடித்தது. ஏழு வருஷம்!

60 பேர் கம்பெனிக்கு ஏழு வருஷம் தேவையில்லை. ஆனால் வரிசை முக்கியம். முதலில் பேக்கப்பை மட்டும் கிளவுடுக்கு அனுப்புங்கள். பிறகு மெயிலும் கோப்புகளும். அடுத்து சம்பளம், இரண்டு மாதம் பழையதிலும் புதியதிலும் ஓட்டி, இரண்டிலும் ஒரே தொகை வருகிறதா என்று ஒப்பிடுங்கள். கடைசியாக, ரூம் புக்கிங். அதிலும் முதலில் ஒரு லாட்ஜ் மட்டும்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும், திரும்பிப் போகும் வழியை எழுதி வையுங்கள். "ஞாயிறு சாயங்காலம் 4 மணிக்குள் புக்கிங் ஓடாவிட்டால் பழைய சர்வருக்குத் திரும்புவோம், அந்த முடிவை இன்னார் எடுப்பார்" என்று நேரமும் பெயரும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் "இன்னும் பத்து நிமிஷம் அண்ணாச்சி, சரியாயிடும்" என்றே திங்கள் காலை விடிந்துவிடும்.

மாறிய பிறகு?

பழைய சர்வரை மறுநாளே விற்றுவிடாதீர்கள். ஒரு மாதக் கணக்கு முடிவையும் ஒரு ஜி.எஸ்.டி. தாக்கலையும் தாண்டும்வரை இருக்கட்டும். விற்கும்போது டிஸ்க்கை முழுதாக அழித்துவிட்டு விற்க வேண்டும். பில் குறிப்பிட்ட தொகையைத் தாண்டினால் மெசேஜ் வரும் வசதியை முதல் நாளே போட்டுவிடுங்கள். முக்கியக் கணக்குகள் எல்லாவற்றுக்கும் இரட்டைப் பாஸ்வேர்டு முறை கட்டாயம்.

ஒப்பந்தத்தில் '99.9 சதவீதம் ஓடும்' என்று இருந்தால் மகிழ்ச்சிதான். ஆனால், அந்தக் கணக்கில் வருஷத்துக்கு சுமார் 8 மணி 46 நிமிஷம் நிற்கலாம் என்பதும் அடக்கம். அந்த நேரம் சஷ்டி நாளில் வந்தால் ரிசப்ஷனில் இருப்பவர் என்ன செய்வார்? நோட்டும் பேனாவுமா, செல்போனில் இருக்கும் பிரதியா?

அவருக்கு அந்தப் பதில் முன்கூட்டியே தெரிந்திருந்தால், உங்கள் திட்டம் தயார்.